என்ன கலர் டிரஸ், மேடம்?

இரண்டு வருடத்துக்கு முன்பு, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய ஒரு சனிக்கிழமை. கிழக்குத் தாம்பரத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில்தான் இது ஆரம்பித்தது. நான் அந்தப் பள்ளி ஆசிரியை இல்லை. பல்லாவரத்தில் இன்னொரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அன்றைக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. தடய அறிவியலை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது தலைப்பு. கைரேகை எடுப்பது, பேனா மையின் நிறங்களைப் பிரிப்பது, காலடித் தடத்தை அச்செடுப்பது என்று துப்பறியும் வேலையாக மாற்றிப் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது என்று யாரோ மேலே இருப்பவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

பயிற்சி முதலில் எங்கள் பள்ளியில்தான் நடப்பதாக இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து போனதால், முந்தின நாள் சாயங்காலம் இடத்தை மாற்றிவிட்டார்கள். மகளின் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஐந்து நிமிஷ தூரம். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம், எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மாதத் தேர்வில் அறிவியலில் அவள் வாங்கியிருந்த மார்க் என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கரியையும் கந்தகத்தையும் கரைத்து ஊட்டுகிற எனக்கு, சொந்த வீட்டில் இப்படியா? சனிக்கிழமை காலையில் தோசைக்கல்லைப் பார்த்தபடியே அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் படித்த பத்தாம் வகுப்புக்கு அன்றைக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. கிளம்பும்போது சமையலறை வாசலில் வந்து நின்று ஏதோ கேட்டாள். "நல்லாருக்கு, நல்லாருக்கு, கெளம்பு" என்றேன், திரும்பாமலே. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோபத்தில் நானும் சாப்பிடாமல் கிளம்பினேன்.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் பல வருடம் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஒல்லியாக, குட்டை முடியோடு, அதிகம் சிரிக்காதவராக இருந்தார். வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து எல்லோருடைய செல்போனையும் அணைத்துப் போடச் சொன்னார். "நிஜமான இடத்துல போன் எடுத்து போட்டோ பிடிச்சா வேலை போயிடும். இன்னைக்கு ஒரு நாள் பழகுங்க" என்றார். என் போனை நான் அணைத்ததே இல்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. அவசரத்துக்கு வேண்டும் என்று எப்போதும் கையில் இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே போட்டேன்.

முதல் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு ஆள் தண்ணீர்க் கேனோடு உள்ளே வந்தார். கேனை வைத்துவிட்டு, மேஜையிலிருந்த ஒரு பையை எடுத்துக்கொண்டு சாதாரணமாக வெளியே போய்விட்டார். சற்றுப் பொறுத்து மேடம், "இப்ப வந்துட்டுப் போனவர் எப்படி இருந்தார், எழுதுங்க" என்றார். அவருடைய உதவியாளர்தானாம். ஒருவர் வெள்ளைச் சட்டை என்றார், ஒருவர் நீலம் என்றார், ஒருவர் மீசையே இல்லாதவருக்கு மீசை வைத்தார். நான் மட்டும் எல்லாம் எழுதியிருந்தேன். சாம்பல் நிறச் சட்டை, இரண்டாவது பட்டன் வேறு நிறம், கைக்கடிகாரம் வலது கையில், நடக்கும்போது ஒரு செருப்பு மட்டும் சத்தம் போடுகிறது. அந்த மேடம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "டீச்சர், உங்க கண்ணு சிசிடிவி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பசியே மறந்துபோயிற்று.

டீ முடிந்ததும் அடுத்த பயிற்சி. பக்கத்து ஆய்வகத்தில் ஒரு 'சம்பவ இடம்' தயாராக இருந்தது. "பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் காணோம். கடைசியா இந்த அறையில இருந்திருக்கா. தடயம் எல்லாம் இங்கதான் இருக்கு. எதையும் தொடக் கூடாது. பாத்ததை மட்டும் எழுதணும், நினைச்சதை எழுதக் கூடாது" என்று சொல்லி எங்களைக் குழு குழுவாக உள்ளே விட்டார்.

ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. தரையில் மாவு தூவி அதில் ஷூ தடம் பதித்திருந்தார்கள். மேஜை ஓரத்திலிருந்து சிவப்பாக ஏதோ சொட்டிக் காய்ந்திருந்தது. பீட்ரூட் சாற்றில் சோளமாவு கலந்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் நின்ற டீச்சரிடம் மெதுவாகச் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார். அப்புறம்தான் அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் பார்த்தேன்.

ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் படுத்துக் கிடந்தது. அதில் பூனை ஸ்டிக்கர், ஒரு காது கிழிந்திருந்தது. மூடியின் பிளாஸ்டிக் வளையம் உடைந்து போனதால் பச்சை நூலால் கட்டியிருந்தது. அந்த நூலைக் கட்டியது நான். அந்த முடிச்சு என் முடிச்சு.

அது விளையாட்டு என்று தெரியும். அந்த ரத்தம் பீட்ரூட் என்று நானே ஒரு நிமிஷம் முன்னால் சொன்னேன். இருந்தும் தடயங்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஐயோ மேடம், தொடாதீங்க!" என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். "போச்சு, கைரேகையெல்லாம் போச்சு" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது என் பொண்ணு பாட்டில்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சார் கை தட்டினார். நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "சூப்பர் மேடம், அப்படியே அம்மா மாதிரியே இருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த பயிற்சி மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த பாட்டில் எங்க எடுத்தீங்க?" என்று உதவியாளரைக் கேட்டார்.

அவர் திருதிருவென்று விழித்தார். "காலைல கேட் பக்கத்துல தண்ணிக் குழா மேல இருந்துச்சு மேடம். பொண்ணுங்க பாட்டில் மாதிரி இருந்துச்சேன்னு எடுத்தாந்தேன். சாயங்காலம் வெச்சிடலாம்னு..."

அப்படியென்றால் காலையில் அவள் இங்கே வந்திருக்கிறாள். இப்போது எங்கே? பள்ளி முழுக்க ஆசிரியர்களைத் தவிர ஈ காக்கை இல்லை. சிறப்பு வகுப்புச் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாணவர் இல்லாத பள்ளியில் காலையிலிருந்து உட்கார்ந்து கை தட்டல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன், "பயிற்சி இருக்குன்னு கிளாஸ் கேன்சல் மேடம். நேத்து ராத்திரியே குரூப்ல போட்டாங்களே. தெரியாம வந்த பசங்களை எல்லாம் நான்தான் திருப்பி அனுப்பிச்சேன்" என்றார். பெற்றோர் குரூப்பை நான் திறப்பதே கிடையாது. குட்மார்னிங் பூக்களைப் பார்க்க எனக்கு நேரமில்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவள் நான்.

"என் பொண்ணும் வந்தாளா?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு பொண்ணுங்க வந்துச்சு. யூனிபார்ம் இல்லை, எல்லாம் கலர் டிரஸ். உங்க பொண்ணு என்ன கலர் டிரஸ், மேடம்?"

சுடிதாரா, பாவாடை சட்டையா, ஜீன்ஸா? தலையை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாளா, இரட்டையா? காலையில் நடந்த எல்லாம் நினைவில் இருந்தது. தோசை ஓரம் தீய்ந்தது, குக்கர் விசில், அவள் விடைத்தாளில் சிவப்பு மையில் இருந்த மார்க், எல்லாம். அவள் மட்டும் அந்தப் படத்தில் இல்லை. வெறும் குரல்தான் இருந்தது. முன்பின் தெரியாத ஆளின் இரண்டாவது பட்டன் என்ன நிறம் என்று எழுதிக் கை தட்டல் வாங்கியவளுக்கு, பெற்ற மகள் காலையில் என்ன உடுத்தியிருந்தாள் என்று தெரியவில்லை.

உள்ளே திரும்பி ஓடி, கூடையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தேன். கடவு எண்ணைத் தப்புத் தப்பாகப் போட்டேன். திரை எரிந்ததும் மிஸ்டு கால் தகவல்கள் கொட்டின. எல்லாம் ஒரே எண். யார் என்று தெரியாத எண். கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் பஸ் இரைச்சல்.

"இந்த நம்பர்ல இருந்து எனக்குக் கால் வந்திருக்கு..."

"ஆமாமா. டிரெய்ன்ல ஒரு பொண்ணு அம்மாவுக்குப் பேசணும்னு போன் கேட்டுச்சு. எத்தனி வாட்டி போட்டாலும் சுச்சாப்புன்னே வந்துச்சு. நீதான் அவங்கம்மாவா? பாவம், அழுதுகினே இருந்துச்சும்மா."

"அழுதாளா? ஏன்? கூட யாராச்சும் இருந்தாங்களா? எங்க இறங்குனா?"

"அது யார் கண்டா? நான் குரோம்பேட்டைல எறங்கிக்கினேன். அது உள்ளதான் நின்னுகினு இருந்துச்சு."

அடுத்து நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. "அவ என்ன டிரஸ் போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா இது, பெத்த பொண்ணு இன்னா துணி போட்டுகினு போச்சுன்னு என்னாண்ட கேக்குற? கூட்டத்துல நான் எங்க அதெல்லாம் பாத்தேன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

என் கணவர் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. ஷிப்டில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். மகளிடம் போன் கிடையாது. பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று நான்தான் வாங்கித் தரவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். பயிற்சி மேடம் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க ஓட்டக் கூடாது. பின்னால உக்காருங்க" என்றார். வந்திருந்த அத்தனை ஆசிரியர்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஸ்டேஷன் போகும் வழியெல்லாம் ஒருவராவது எனக்கு "ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. நிஜமான சம்பவ இடங்களில் நின்றவர். எந்த அம்மாவிடமும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, வெளிறியிருந்தது. அவரும் பயப்படுகிறார். அழுதுகொண்டு ரயிலில் எதற்குப் போனாள்? என் திட்டு அவ்வளவு பெரிதா? மார்க் குறைந்ததற்குப் பிள்ளைகள் செய்துகொள்கிற காரியங்களைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம், 'இந்தப் பெற்றோர் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நியாயம் பேசியிருக்கிறேன். எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. தண்டவாளத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "ஏசுவே, ஏசுவே" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

தாம்பரம் ஸ்டேஷனில் சனிக்கிழமைக் கூட்டம். நடைமேடையில் பணியில் இருந்த ரயில்வே பெண் போலீஸ் எங்களை உட்காரவைத்தார். வயது கேட்டார், உயரம் கேட்டார், எங்கே படிக்கிறாள் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"என்ன கலர் டிரஸ்மா போட்டிருந்தா?"

மூன்றாவது முறை. "தெரியாதும்மா. நான் பாக்கல. நான் அவளைப் பாக்கவே இல்லை" என்று சொல்லி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பயிற்சி மேடம் என் முதுகில் கை வைத்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது.

அந்தப் பெண் போலீஸ் போனை எடுத்து ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட ஆரம்பித்தார். சானடோரியத்தில் இல்லை. குரோம்பேட்டையில் இல்லை. பல்லாவரத்தைக் கூப்பிட்டார். "தாம்பரத்துப் பொண்ணு, பத்தாவது படிக்குது, காணோம்னு அவங்க அம்மா வந்திருக்காங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. "என்னது? பொண்ணு காணோம்னு நான் சொல்றேன். நீ அம்மாவைக் காணோம்ங்கற?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். காதில் போனை வைத்தபடியே, அந்தப் பக்கம் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்.

"கடுகு மஞ்சள் காட்டன் புடவை. பச்சை பார்டர்." கண்கள் என் புடவைக்கு வந்தன. "மூக்குக்கண்ணாடி, இடது பக்கக் காம்புல வெள்ளை டேப் சுத்தியிருக்கும்." என் முகத்துக்கு வந்தன. "கறுப்பு ஹேண்ட்பேக், வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கு. வலது கை கட்டை விரல்ல தோசைக்கல் சுட்ட தழும்பு." நான் கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன், ஏதோ அது வேறு யாருடைய கையோ போல. "வேகமா நடப்பாங்க. அழுதா மூக்கு நுனி சிவந்துடும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "சுகர் பேஷன்ட். காலைல தோசை சுட்டுட்டு அவங்க சாப்பிடல. தட்டு கழுவாம இல்ல, எடுக்கவே இல்ல. போன் என்னைக்கும் ஆஃப் ஆகாது, இன்னைக்கு ஆஃப். எங்கயாச்சும் மயங்கி விழுந்திருப்பாங்க, தயவுசெய்து தேடுங்க."

போனை மூடாமலே என்னிடம் சொன்னார்: "அம்மா, உங்க பொண்ணு நல்லா இருக்கா. உங்களைத்தான் தேடிட்டிருக்கா."

அதற்குப் பிறகு நான் எப்படி அழுதேன் என்று எனக்கே தெரியாது. பயிற்சி மேடமும் அழுதார். நடைமேடையில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். வகுப்பு இல்லை என்று மட்டும் சொல்லி வாட்ச்மேன் திருப்பி அனுப்பியதும் அவள் தோழி வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீடு பூட்டியிருக்கிறது. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் நான் சாப்பிடாமல் போனது தெரிகிறது. பயிற்சி பல்லாவரத்தில்தான் என்று நினைத்து, தோழியிடம் வாங்கிய சில்லறையோடு ரயில் ஏறியிருக்கிறாள். வழியில் அந்த அம்மாவின் போனில் என்னைக் கூப்பிட்டால் அணைத்திருக்கிறது. என் பள்ளிக்குப் போனால் கேட் பூட்டியிருக்கிறது, பயிற்சி எதுவும் இங்கே இல்லை என்கிறார்கள். பயந்துபோய் ஸ்டேஷனுக்கே திரும்பிவந்து போலீஸிடம் அம்மாவைக் காணோம் என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ரயிலில் போய்ப் பல்லாவரத்தில் இறங்கியபோது, அவள் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட், பிரிக்காமல். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை என் வாயில் திணித்தாள். "மொதல்ல இதைச் சாப்பிடு. அப்புறம் திட்டு" என்றாள்.

மென்றுகொண்டே அவளைப் பார்த்தேன். நீல நிறக் குர்த்தி, நெஞ்சில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், முக்கால் கை. அவளே பழைய பாவாடைத் துணியில் ஒரு துப்பட்டா வெட்டி ஓரம் அடித்துப் போட்டிருந்தாள். பள்ளித் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டதாம். எனக்கு அப்போதுதான் காலையில் அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டது காதில் விழுந்தது. "அம்மா, இது நானே தைச்சேன். எப்படி இருக்கு, பாரேன்" என்று கேட்டிருக்கிறாள்.

"நல்லாருக்கு" என்றேன் பிளாட்பாரத்தில் வைத்து. "காலைலயே சொல்லிட்டியே" என்றாள். நான் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டாள்.

பயிற்சி மேடம் பிறகு எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்பிவைத்தார். பாதி நாள்தானே இருந்தேன் என்றேன். "நீங்கதான் டீச்சர் முழுசாக் கத்துக்கிட்டீங்க" என்றார். இப்போது சம்பவ இடம் அமைக்கும்போது பிள்ளைகளின் பொருள் எதையும் அவர்கள் வைப்பதில்லையாம்.

நானும் என் வகுப்பில் தடய அறிவியல் நடத்துகிறேன். கைரேகைக்கு முன்னால், மை பிரிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். எல்லோரும் கண்ணை மூடுங்கள், இன்று காலையில் உங்கள் வீட்டில் உங்களை வழியனுப்பியவர் என்ன உடுத்தியிருந்தார், சொல்லுங்கள் என்பேன். ஆட்டம் போடுகிற வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் வெகுநேரம் கண்ணை மூடியபடியே இருப்பார்கள். அவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை.

மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அறிவியல் மார்க் இன்னமும் சுமார்தான். தினமும் காலையில் அவள் கிளம்பும்போது அடுப்பைக் குறைத்துவிட்டு வாசல்வரை வருகிறேன். "என்ன, மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போகிறாள். பண்ணிவிட்டேன் என்றுதான் சொல்கிறேன். என்னைத் தலைமுதல் கால்வரை மனப்பாடமாக வைத்திருந்த பிள்ளைக்கு நான் திருப்பிச் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று அந்த பெஞ்சையும் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டையும் நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.